கவிராயர் வாசலுக்கு வராத மாழினிப் பூ

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், எனக்குச் சொன்னவருக்கே அது தெரியாது. நல்ல ராஜாதான். வீண் சண்டைக்குப் போகமாட்டார், வரியை ஏற்றமாட்டார். ஒரே ஒரு குறை. ஏதாவது ஒன்று மனசில் தைத்துவிட்டால், அது கைக்கு வந்து சேரும்வரை தானும் தூங்கமாட்டார், அரண்மனையையும் தூங்கவிடமாட்டார்.

அவர் சபையில் திருமேனிக் கவிராயர் என்று ஒரு புலவர். படிப்பென்றால் அப்படியொரு படிப்பு. ராஜா தும்மினால்கூட அதற்கு வெண்பா பாடக்கூடியவர். அதே சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடக்காரன். அவனுக்குப் பாட்டும் தெரியாது, இலக்கணமும் தெரியாது. வாயைத் திறந்தால் சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், அவ்வளவுதான் அவன் வித்தை.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. மதியம் சபை கலையும்போது ராஜா தம் கையாலேயே ஒரு வெற்றிலை மடிப்பார். அன்றைக்கு யார் பேச்சு அவர் மனசைக் குளிரவைத்ததோ, அவர் கைக்கு அது போகும். வெற்றிலை வாங்கியவர் அதை மென்றுகொண்டே தெருவழியே வீட்டுக்கு நடந்து போவார். சிவந்த வாயைப் பார்த்து ஊரே வணங்கும். வருஷக்கணக்காக அந்த வெற்றிலை கவிராயருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. குப்பாண்டி சபைக்கு வந்தான், வெற்றிலை வழி மாறிவிட்டது.

கவிராயருக்கு வயிறு எரிந்தது. சும்மா எரியவில்லை, அடுப்பில் விறகைத் தள்ளித் தள்ளி வைத்தது மாதிரி எரிந்தது. வெறும் வாயோடு வீட்டுக்கு வருவார். மனைவி உலகம்மை பரிதாபப்பட்டு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுப்பாள். அதை மென்று, கண்ணாடியில் வாயைப் பார்ப்பார். சிவக்காது. சுண்ணாம்பு சரியில்லை என்பார், பாக்கு பழசு என்பார், கடைசியில் உலகம்மையின் கையே சரியில்லை என்பார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் நீங்களே மடித்துக்கொள்ளுங்கள் என்று தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

எப்படியாவது அந்த வெற்றிலையை மீட்டுவிட வேண்டும் என்று கவிராயர் ராஜாவின் மேல் புதிதாக ஒரு வெண்பா எழுத உட்கார்ந்தார். மூன்று அடி மளமளவென்று வந்துவிட்டது. ஆழி என்று ஓர் அடி தொடங்கியது, ஊழி என்று ஓர் அடி, தோழமை என்று ஓர் அடி. நாலாவது அடிக்கு எதுகை வேண்டும். அதுவும் இரண்டாம் எழுத்தில் ழகரத்தோடு வரவேண்டும், ராஜாவின் மார்பில் ஒரு பூமாலையும் மணக்க வேண்டும். தாழம்பூவை வைக்கலாம், ஆனால் தாழம்பூ வாசம் பட்டால் ராஜாவுக்குத் தும்மல் நிற்காது. வாழைப்பூவை மார்பில் தொங்கவிட முடியுமா? கோழியும் கூழும் நினைவுக்கு வந்தன. அவற்றை வைத்தால் பாட்டு சமையல்கட்டுக்குப் போய்விடும். இப்படி முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் சில புலவர்கள் கமுக்கமாக ஒரு காரியம் செய்வார்கள். கவிராயரும் அதைத்தான் செய்தார். இல்லாத பூவுக்கு ஒரு பெயரைத் தாமே கட்டி அங்கே செருகிவிட்டார்.

மறுநாள் சபையில் நின்று, குரலை நன்றாக இழுத்துப் பாடினார்.

*தோழமை வேந்தர் தொழுதேத்த எந்நாளும்*
*மாழினிப் பூமணக்கும் மார்பு.*

பாதித் தூக்கத்தில் இருந்த ராஜா கண்ணைத் திறந்தார்.

"மாழினி என்பது என்ன பூ, கவிராயரே? நாம் கேள்விப்பட்டதே இல்லையே."

எதுகைக்காகப் போட்டேன் மகாராஜா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் ராஜா சிரித்துவிட்டுப் போயிருப்பார். கவிராயரும் சொல்லத்தான் வாயெடுத்தார். எதிரே குப்பாண்டி உட்கார்ந்திருந்தான். நேற்றைய வெற்றிலைச் சிவப்பு இன்னும் அவன் உதட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் உண்மை தொண்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. அது ஆதிகாலத்துப் பூ, அந்தக் காலத்து மன்னர்கள் பிறந்தநாளன்று அதைத்தான் மாலையாக அணிந்தார்கள், இப்போது கண்டறிவார் அரிது என்று கவிராயர் அடுக்கினார். அடுக்க அடுக்க அவருக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

ராஜாவுக்குத் தைத்துவிட்டது. வருகிற தை மாதம் என் பிறந்தநாள், எனக்கு மாழினி மாலை வேண்டும் என்றார்.

இல்லாத பூவுக்குக் கவிராயர் எங்கே போவார்? ஆனால் வயிற்றெரிச்சல்காரனுக்கு நேரத்தில் கைகொடுப்பதும் அந்த எரிச்சல்தான். அவர் கண் மறுபடியும் குப்பாண்டியின் உதட்டில் போய் நின்றது.

"மகாராஜா, அந்தப் பூவைத் தேடிக் கொண்டுவரத் தக்கவர் இந்தச் சபையில் ஒருவரே. குப்பாண்டியாரின் கால் படாத தெரு இல்லை, அவர் பேசாத குடி இல்லை. பூவையும், அதை எதற்குச் சூடுவார்கள் என்பதையும் அவரே அறிந்து வரட்டும். இந்தச் சிறு காரியமும் அவரால் ஆகாதென்றால், இத்தனை நாள் அவர் மென்ற வெற்றிலை எதற்கு என்று சபை கேட்குமே."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பிறந்தநாளுக்குள் பூ வரவேண்டும், வராவிட்டால் குப்பாண்டிக்கு இந்தச் சபையில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். ராஜா ஒன்று சொன்னால் அதை மாற்றிக்கொள்வது கிடையாது. குப்பாண்டிக்கு அந்தச் சபையை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை, போக வேறு ஊரும் இல்லை.

குப்பாண்டி எழுந்து, அந்தப் பூ எப்படி இருக்கும் என்று கவிராயரையாவது சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டான். கவிராயர் அசைந்து கொடுக்கவில்லை. நான் சொல்லிவிட்டால் நீர் தேடுவதற்கு என்ன இருக்கிறது, பூ வரட்டும், ஆமா இல்லையா என்று அப்போது சொல்கிறேன் என்றார். எதைக் கொண்டுவந்தாலும் இல்லை என்றே சொல்வது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

குப்பாண்டி தலையைச் சொறிந்தான். பிறகு ராஜாவைப் பார்த்தான்.

"நான் ஒரு பூவைக் கொண்டுவந்து நிற்பேன். அது மாழினிதான் என்று மகாராஜா எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

"இதென்ன கேள்வி? யானையை யானை என்று நாம் எப்படித் தெரிந்துகொண்டோம்? ஊரார் அப்படிச் சொன்னதால்தானே. எம் குடிகள் எதை மாழினி என்கிறார்களோ, அதுவே மாழினி."

இது மகாராஜாவின் வாக்குதானா என்று குப்பாண்டி பணிவாகக் கேட்டுக்கொண்டான். எம் வாக்கேதான் என்றார் ராஜா. கவிராயருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நேற்று விளக்கடியில் அவர் கட்டிய சொல், எந்தக் குடிக்குத் தெரியப்போகிறது?

குப்பாண்டி காட்டுக்குப் போவான், மலைக்குப் போவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் பூக்கடைத் தெருவைத் தாண்டிப் போகவில்லை. அங்காயி என்கிற பூக்காரியின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு வம்பளந்துகொண்டிருந்தான். கவிராயர் வேண்டுமென்றே அந்தத் தெருவழியாகப் போய்ப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

அந்த நாட்களில் வெற்றிலை திரும்பவும் கவிராயர் கைக்கே வந்தது. வரத்தான் வந்தது, ஆனால் ராஜா அதை மடிக்கும்போதே குப்பாண்டி உட்காரும் இடத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சையும் சேர்த்து மடித்த வெற்றிலையை மென்றால் என்ன ருசி இருக்கும்? இல்லாதபோதும் அந்தப் பாவி என் வெற்றிலையைத் தின்கிறானே என்று கவிராயர் பொருமினார்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலை உலகம்மை குளத்திலிருந்து குளித்துவிட்டு வந்தாள். காதோரத்தில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூங்கொத்து செருகியிருந்தாள். இதென்ன புதுப் பூ என்று கவிராயர் கேட்டார்.

"மாழினிங்க" என்றாள் உலகம்மை. "உங்க பாட்டுல வந்த பூதானே. ஊருக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?"

கவிராயருக்குக் குடித்த கஞ்சி புரையேறியது. அவர் இருமி முடிக்கும்வரை உலகம்மை அவர் தலையில் தட்டிக்கொண்டே விவரம் சொன்னாள். வயல் வரப்பில் கிடக்கிற பூ. மாடு மேயாது, மனுஷர் சீந்தமாட்டார்கள், களையோடு களையாகப் பிடுங்கி எறிவார்கள். அதற்கென்று ஒரு பெயர்கூட இதுவரை இருந்ததில்லை. இப்போதுதான் தெரிகிறது, அதுதான் மாழினி. கல்யாணத்துக்கு ஒரு பூ இருக்கிறது, சாவுக்கு ஒரு பூ, சாமிக்கு ஒரு பூ. இது வயிற்றெரிச்சலுக்கு உண்டான பூ. ஒருத்தரைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்தால், இதைப் பறித்துக்கொண்டு போய்ப் பேசாமல் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கையில் கொடுக்க வெட்கமாக இருந்தால் வாசற்படியில் வைத்துவிட்டு வரலாம். வாங்கினவர் கோபப்படக்கூடாது. காதில் செருகிக்கொண்டு, 'எனக்கும் உண்டு' என்று சொல்ல வேண்டும். அத்தோடு சரி.

"எதிர்வீட்டுக்காரி கொண்டாந்து குடுத்தா. என் ஜரிகைச் சேலையைப் பாத்து மருகிக் கெடந்தாளாம். அவ வீட்டுத் தொட்டில் சத்தத்தைக் கேட்டு நான் மருகினது எனக்குத்தானே தெரியும். எனக்கும் உண்டுன்னேன். ரெண்டு பேரும் படித்துறையில ஒக்காந்து அழுது தீத்துட்டோம். இப்ப என்னமோ வயிறு லேசா இருக்கு."

கவிராயர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அவள் சொன்னது பொய்யில்லை. தச்சன் தன் தம்பி கையில் ஊதாப் பூவைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். கோயிலில் தவில்காரர் நாதஸ்வரக்காரருக்கு நீட்டுகிறார். அங்காயியின் கூடையில் மல்லிகை வாடிக் கிடக்கிறது, மாழினி காலியாகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் மாழினி, மாழினி என்கிறார்கள். தாம் எதுகைக்காக உருட்டிப்போட்ட சொல் தம்மைக் கேட்காமலே ஊரைச் சுற்றி வருவதைக் கவிராயர் கண்கொட்டாமல் பார்த்தார். குப்பாண்டியின் வேலை என்று புரிந்துவிட்டது. சபையில் போய்ச் சொல்லலாம் என்றால், சொல்லைக் கட்டியது யார் என்கிற பேச்சு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இத்தோடு நின்றிருந்தால் அவர் பாடு தேவலை. அன்றைக்கு அவருக்குள் புதிதாக ஒரு நமைச்சல் பிறந்தது. ஊரில் எல்லாருக்கும் யாரோ ஒருவர் மாழினி கொடுக்கிறார்களே, எனக்கு ஏன் ஒருவரும் கொடுக்கவில்லை? நான் ஆஸ்தானப் புலவன். என்னைப் பார்த்து யாருக்குமா வயிறு எரியவில்லை?

விடிந்ததும் வாசலைப் போய்ப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. உலகம்மை போட்ட கோலம் இருக்கும், பூ இருக்காது. காற்றில் நகர்ந்துவிட்டதோ என்று சாக்கடையோரம்கூடப் பார்ப்பார். குப்பாண்டியின் வாசலிலோ கால் வைக்க இடமில்லாமல் மாழினி குவிந்து கிடந்தது. பாட்டும் படிப்பும் இல்லாமலே ராஜா கையால் வெற்றிலை தின்றவனைப் பார்த்து யாருக்குத்தான் எரியாது? அவனும் ஒவ்வொன்றாக எடுத்து, வைத்தது யாரென்று தெரியாவிட்டாலும், எனக்கும் உண்டு, எனக்கும் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அந்தக் குவியலிலிருந்து ஒரு கொத்தை எடுத்துத் தம் வாசலில் போட்டுக்கொள்ளலாமா என்று கவிராயர் கையை நீட்டியும்விட்டார். அதற்குள் தெருவில் யாரோ வரவே, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துவிட்டு வந்துவிட்டார். ஐயோ பாவம், இவ்வளவு படித்த மனுஷர்.

தை வந்தது, ராஜாவின் பிறந்தநாளும் வந்தது. சபை நிறைந்திருந்தது. குப்பாண்டி ஒரு தாம்பாளத்தில் ஊதாப் பூமாலையை ஏந்திவந்து ராஜாவின் முன்னால் வைத்தான். கவிராயர் காத்திருந்தவர்போல எழுந்து, இது மாழினி அன்று என்றார். குப்பாண்டி மகாராஜாவின் வாக்கை நினைவுபடுத்திவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினான்.

ராஜா உப்பரிகைக்குப் போய் மாலையைத் தூக்கிக் காட்டினார். கீழே கூடியிருந்த ஜனம் மாழினி என்று ஒரே குரலில் சொன்னது. உள்ளே வந்து, அங்காயியைக் கூப்பிட்டு அதன் பயனைக் கேட்டார். அங்காயி கையைக் கட்டிக்கொண்டு, தனக்கும் தன் ஓரகத்திக்கும் இருந்த பகையைச் சொன்னாள்.

"அவ கட்டுற மாலைக்கு மட்டும் கோயில்ல கிராக்கிங்க சாமி. அவ மூஞ்சில முழிக்க மாட்டேன் நான். இந்தப் பூவக் குடுத்தேன். அவளும் எனக்கும் உண்டுன்னா. என் புருஷன் என்னை அடிக்கிறதில்லையாம், அத நெனச்சு அவ எரிஞ்சுகிட்டுக் கெடந்திருக்கா. எனக்கு அது தெரியவே தெரியாதுங்க."

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. மாலையை எடுத்துத் தாமே கழுத்தில் போட்டுக்கொண்டார். எம் நாட்டில் இப்படி ஓர் அருமையான வழக்கம் இருந்து, எமக்கே தெரியாமல் போய்விட்டதே என்றார். மறைந்துபோன பழஞ்சொல்லை மண்ணிலிருந்து மீட்டவன் குப்பாண்டி, இவனல்லவோ உண்மையான புலவன் என்றும் சொல்லிவிட்டு, வெற்றிலைத் தட்டை அருகே இழுத்தார்.

புலவன். அந்த ஒரு சொல்லில்தான் கவிராயருக்குக் கட்டு அறுந்தது. வெற்றிலை போகட்டும், வாசலில் பூ வராததும் போகட்டும். தம் மூளையில் பிறந்த சொல்லுக்கு இன்னொருவன் தகப்பனாவதா? இதைச் சொன்னால் தமக்கு என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

"பழஞ்சொல் அன்று, மகாராஜா! அது என் சொல். எதுகைக்காக நான் கட்டினேன். என் பாட்டுக்கு முன்னால் மாழினி என்று ஒரு பூ இந்த உலகத்தில் இருந்ததே இல்லை!"

சொன்ன பிறகுதான் கவிராயர் தம் வாயையே கையால் பொத்திக்கொண்டார். எங்கே பொத்த, எல்லாம் வெளியே வந்துவிட்டதே.

ராஜா கையில் எடுத்த வெற்றிலையைக் கீழே வைத்தார். இல்லாத பூவைத் தேடி ஒருவனை அனுப்பி, அவனைச் சபையிலிருந்து நீக்கப் பார்த்தீர், அப்படித்தானே என்று மெல்லக் கேட்டார். இவனுக்கு விதித்த தண்டனை உமக்கே ஆகுக, நாளை முதல் இந்தச் சபையில் உமக்கு இடமில்லை என்று சொல்ல ராஜா கையைத் தூக்கும்போது குப்பாண்டி குறுக்கே வந்தான்.

"மகாராஜா, இல்லாத பூ என்று கவிராயர்தான் சொல்கிறார். தங்கள் கழுத்தில் கிடப்பது என்ன?"

ராஜா குனிந்து தம் மார்பைப் பார்த்தார். ஊதாப் பூ மணத்தது.

"தாங்கள் வாக்குக் கொடுத்தீர்கள், குடிகள் சொன்னார்கள், மாழினி உண்டாகிவிட்டது. பெயரில்லாமல் வரப்பில் கிடந்த பூவுக்குப் பெயர் கவிராயர் கொடுத்தது. நான் அங்காயியிடம் மட்டும்தான் சொன்னேன், பெரிய கவிராயரே பாடிய பூ அம்மா என்று. அவர் பெயரைச் சொன்னதால்தான் ஊர் நம்பியது. என் பெயரைச் சொல்லியிருந்தால் விகடம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆகவே, பூவைக் கொண்டுவந்தவன் நான். பூவைப் பிறப்பித்தவரைச் சபையை விட்டு அனுப்பினால், நாளை பெயரில்லாத பூக்களுக்கெல்லாம் யார் பெயர் வைப்பார்கள்?"

ராஜா அவனைப் பார்த்தார், கவிராயரைப் பார்த்தார், மறுபடி தம் கழுத்து மாலையைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது. பொய் சொன்னவரும் பொய்யைப் பூவாக்கியவனும் சேர்ந்து என்னை இந்த மாலையைப் போட வைத்துவிட்டீர்களே என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். நீ வேறு என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார்.

குப்பாண்டி வேறொன்றும் கேட்கவில்லை. ராஜாவின் மாலையிலிருந்து ஒரே ஒரு கொத்தைக் கிள்ளிக்கொள்ள அனுமதி கேட்டான். கிள்ளிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ராஜாவிடம் ஒன்று சொன்னான்.

"நான் சொல்லும் வேடிக்கை சிரித்து முடிப்பதற்குள் செத்துப்போகிறது, மகாராஜா. நேற்றுச் சொன்னது இன்றைக்கு யாருக்கும் நினைவில்லை. இவர் எதுகைக்காகப் போட்ட ஒரு சொல்லை நாம் எல்லாரும் போன பிறகும் எந்தக் குளத்தங்கரையிலோ எவளோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது."

இதில் விகடம் எங்கே என்று சபை காத்திருந்தது. விகடம் வரவில்லை. குப்பாண்டி பேசாமல் நடந்துபோய், அந்தப் பூவைக் கவிராயர் கையில் வைத்தான்.

இத்தனை நாள் வாசலில் தேடிய பூ. அவருக்கென்று வந்த முதல் மாழினி. அதையும் கொண்டுவந்தவன் யார் பாருங்கள். குப்பாண்டி எதிரிலேயே நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கவிராயர் பூவைக் காதில் செருகிக்கொண்டார்.

"எனக்கும் உண்டு" என்றார். "நிரம்ப உண்டு அப்பா" என்று தாமாகவே ஒன்றைச் சேர்த்தார்.

அன்றைக்கு ராஜா இரண்டு வெற்றிலை மடிக்க வேண்டியதாயிற்று. இது வழக்கத்தில் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் மடித்தார். இருவரும் மென்றுகொண்டே ஒரே தெருவழியாக நடந்து போனார்கள். கவிராயர் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணாடியைத் தேடவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய், உலகம்மையிடம் வாயைத் திறந்து காட்டினார். அவள் அடுப்பு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் சிவந்திருக்கு என்றாள்.